எல்லோரும் கண் மூடும்போது

எங்கள் ஆலயத்தில் இப்போது கேமரா வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கு மேலே ஒன்று, செருப்பு விடும் இடத்தில் ஒன்று, ஞாயிறு பள்ளி நடக்கும் ஷெட்டுக்கு நேராக ஒன்று. சம்பளத்துக்கு ஒரு செக்யூரிட்டியும் போட்டாயிற்று. அவர் சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருக்கிறது. என் காலத்தில் எனக்கு யூனிஃபார்ம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை கொடுப்பார்கள். அதைக் கட்டினால் சபையில் இருக்கிற மற்றப் பெண்கள் மாதிரிதான் இருப்பேன். ஆனாலும் சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் வாட்ச்மேன் அம்மா என்றால் யாருக்கும் தெரியும். ராகேல் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

கேமரா வைத்த கையோடு சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பயிற்சி நடத்தினார்கள். வாசலில் நிற்கிற தொண்டர்கள், ஞாயிறு பள்ளி டீச்சர்கள், கமிட்டிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் சொன்னது எல்லாம் நல்ல விஷயம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் இப்போதைய ஆயர், "அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். எழுந்து நின்றேன். முட்டி வலி தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் சபை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். வேதப் புத்தகத்தை விரல் வைத்துப் படித்துப் பழகிய எழுத்து என்னுடையது. மெதுவாகத்தான் வரும். பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் இந்த வேலையில் இருந்தது என் வீட்டுக்காரர். அவர் காய்ச்சலில் போனபோது, சம்பளத்தோடு ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடும் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தது. அப்போது இருந்த ஆயரிடம் போய், அந்த வேலையை நான் செய்கிறேன் என்றேன். கமிட்டியில் சிரித்தார்கள். செக்ரட்டரி கேட்டார், "பொம்பள வாட்ச்மேனா? திருடன் வந்தா இன்னாம்மா பண்ணுவ?"

"ஆம்பள இருந்தப்ப ரெண்டு வாட்டி வந்தானே சார். நீங்கல்லாம் இன்னா பண்ணீங்க?" என்றேன்.

எப்படியோ வேலை கிடைத்தது. அதற்கு அந்த ஆயர்தான் காரணம். தென் ஜில்லாக்காரர். ஒல்லி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யோசிக்க வேண்டிய பேச்சு வந்தால் கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியில் துடைப்பார். துடைத்து முடிகிறவரை பதில் வராது. நாமும் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து எல்லோருக்கும் கை கொடுத்து அனுப்பிய பிறகு என்னிடம் வருவார். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்பார். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் விடமாட்டார். "ரெண்டு மணி நேரம் நின்னீங்களே, ஒண்ணுமா பாக்கல?" என்பார். அதனாலேயே அடுத்த வாரம் எதையாவது பார்த்து வைப்பேன். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

வேலை முறை இப்படி. காலையில் முதலில் திறப்பது பெரிய கதவு இல்லை, பக்கக் கதவு. அதன் தாழ்ப்பாள் உள்ளே இருப்பவர் கைக்கு லேசாக விலகுகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். கடல் காற்றில் இரும்பு பிடித்துக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் விட வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது எந்தக் கதவுக்கும் வெளிப்பூட்டு கிடையாது. வண்டிகளை ஒரு பக்கமாக விடச் சொல்வேன். ஒரு ஆட்டோ உள்ளே வந்து திரும்புகிற அளவுக்கு வழி இருக்க வேண்டும். யாருக்காவது மாரடைத்தால் அப்போது போய் வண்டிச் சாவி தேட முடியாது. பிரசங்கம் முடிகிறவரை கதவண்டை நிற்பேன். அதன் பிறகு வருகிற நீண்ட ஜெபத்துக்குக் கேட்டண்டை போய்விடுவேன். கேட்டுக்குத் தாழ் மட்டும் போட்டிருக்கும். அந்தத் தாழின் மேல் என் கை இருக்கும்.

ஏன் ஜெபத்துக்குக் கேட்டண்டை என்றால், அந்த நேரத்தில்தான் சபை முழுக்கக் கண்ணை மூடிக்கொள்கிறது. எங்கள் ஆலயத்தில் ஜெபம் ஒலிபெருக்கியில் வெளியேயும் கேட்கும். கேட்டதும் காம்பவுண்டில் இருக்கிற எல்லோரும் அப்படியே நின்று கண்ணை மூடிவிடுவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தவள் நடுவழியில் நின்றுவிடுவாள். குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர் குழாயை மூடிவிட்டுக் கண்ணை மூடுவார். சின்ன வயதிலிருந்து பழகியது. ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் எங்கள் அம்மா தொடையில் கிள்ளுவாள். இங்கே எல்லோரும் அப்படிக் கிள்ளு வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் மூடினேன். அந்த வாரமே ஆயர் சொன்னார், "ராகேலம்மா, இனிமே நீங்க ஆலயத்துல கண்ணை மூடி ஜெபம் பண்ணக் கூடாது. நூறு பேர் நிம்மதியா மூடணும்னா ஒருத்தர் தொறந்து வெச்சிருக்கணும்."

"அப்ப என் ஜெபம் ஐயா?"

கண்ணாடியைத் துடைத்தார். "வீட்ல பண்ணிக்கங்க" என்றார்.

வீட்டில் கண்ணை மூடினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்ற கால். கர்த்தருக்கு அது தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பார்த்தது எல்லாம் பெரிய விஷயம் இல்லை. மாமல்லபுரம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் இதுவும் பழைய கட்டடம் என்று நினைத்து அரை டவுசரோடு நுழைவார்கள். டிக்கெட் எங்கே என்று சைகையில் கேட்பார்கள். கல் செதுக்குகிற பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் குடித்துவிட்டு வந்து, தனக்கும் அப்பம் வேண்டும் என்பார். அவரைக் கையைப் பிடித்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தால் போதும், அழுதுவிட்டுப் போய்விடுவார். நல்ல செருப்பில் வந்து அதைவிட நல்ல செருப்பில் போகிறவர்கள் உண்டு. இதற்கெல்லாம் கை வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் போய் நின்றாலே பாதி அடங்கும். "சத்தம் போடாதீங்க" என்று ஆயர் எப்போதும் சொல்வார். "ஒரு ஆளால வர்ற ஆபத்து சின்னது. கூட்டம் திரும்பினா அதுதான் பெரிய ஆபத்து."

ஒரே ஒரு தடவைதான் கை வைக்க வேண்டி வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செக்ரட்டரிக்கு ஒரு தம்பி, சாலமோன். மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை. நன்றாகப் பாடுவான், கொயரில் இருந்தவன். அவன் மனைவி கிரேஸ். பிள்ளை ஜெனி, அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் ஆயர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். கிரேஸ் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"என்ன அடிக்கிறது பழகிப்போச்சு ஐயா. இப்போ பாப்பாவ தூக்கினு போயிடுவேன், ஒங் கண்ணுலயே காட்ட மாட்டேன்னு சொல்லிகினு கீறாரு. சொன்னா செய்வாரு."

கோர்ட்டு, போலீஸ் என்று எதுவும் இல்லை. வேண்டாம் என்றாள். ஆயர் என்னிடம் சொன்னார், "இந்தப் பிள்ளை ஆலயத்துல இருந்து வெளிய போனா அம்மாவோடதான் போகணும். வேற யார் வந்தாலும் கேட் திறக்கக் கூடாது. யாரா இருந்தாலும்." கமிட்டிக்குச் சொல்லவில்லை. சொன்னால் செக்ரட்டரிக்குத் தெரியும், செக்ரட்டரிக்குத் தெரிந்தால் தம்பிக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்குள் இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த காய்கறி, கோழி எல்லாம் ஏலம் போகும். பந்தல் கால் ஒவ்வொன்றிலும் கரும்பு கட்டியிருந்தார்கள். ஒரு பெரிய சேவல் கால் கட்டோடு கத்திக்கொண்டே இருந்தது. வெளியே பிரியாணி அண்டாவுக்குத் தீ எரிந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆயர் ஒருவர் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவர். அவர் ஜெபத்தில் உலகத்தில் இருக்கிற நாடுகள் ஒவ்வொன்றாக வரும், விவசாயி வருவார், மாலுமி வருவார், மறுபடியும் நாடுகள் வரும். அவர் ஆரம்பித்ததும் சபை கண்ணை மூடியது. காம்பவுண்டும் மூடியது. பிரியாணி மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி மூடினார். ஷெட்டில் பிரேமா டீச்சர், பிள்ளைகள் எல்லோரையும் கை கூப்ப வைத்துத் தானும் மூடிக்கொண்டாள்.

ஊரே நிற்கும்போது ஒருவன் நடந்தால் தானாகக் கண்ணில் படும். சாலமோன் பக்கக் கதவு வழியாக வந்தான், செருப்புக்கூடப் போடாமல். ஷெட்டுக்குள் போனான். வெளியே வரும்போது ஜெனி அவன் இடுப்பில் இருந்தாள். கையில் ஒரு துண்டுக் கரும்பு. நேராகக் கேட்டுக்கு வந்தான். வெளியே ரோட்டில் ஒரு வாடகைக் கார் என்ஜின் ஓடியபடி நின்றது.

"அம்மா, கேட்ட தொற" என்றான், காதோடு.

நானும் அதே குரலில் கேட்டேன், "கிரேஸ் எங்க?"

"அவ இன்னாத்துக்கு? என் புள்ள."

"ஒம் புள்ளதான். இல்லன்னா சொன்னேன்? ஜெபம் முடியட்டும், அவளும் வரட்டும். ஒண்ணா போங்க."

"எங்கண்ணன் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுமே. உள்ள கண்ண மூடிகினு நிக்கறாரு."

ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆயா, நாங்க ரொம்ப தூரம் போறோம்" என்றாள், நல்ல சத்தமாக. சாலமோன் அவள் வாயைப் பொத்தினான். பொத்திய கை கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது. பிள்ளையின் கண் பெரிதாகி என்னையே பார்த்தது. அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பெற்றவன் ஆயிற்றே, நாம் யார் என்று. அந்தக் கையைப் பார்த்ததும் சந்தேகம் போயிற்று.

தாழைப் பிடித்திருந்த என் கையை அவன் பிடித்தான். நான் கத்தியிருக்கலாம். கத்தினால் கூட்டம் திரும்பும், அண்ணன் வருவார், கிரேஸின் அண்ணன்மார் வருவார்கள், பிள்ளை நடுவில் மாட்டும். அந்தக் களேபரத்தில் அவன் பிள்ளையோடு சுவர் ஏறிக் குதித்தாலும் குதிப்பான், அந்த உயரம் அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கும் சத்தம் வரக் கூடாது, எனக்கும் வரக் கூடாது. அதனால் இரண்டு பேரும் பேசாமல் அந்தத் தாழோடு மல்லுக்கட்டினோம். ஒலிபெருக்கியில் நாடுகள் வந்துகொண்டிருந்தன. அவன் தாழை இழுத்தான், என் சுண்டுவிரல் அதன் வளையத்துக்குள் இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையை எடுக்கவில்லை. "அண்ட சராசரங்களையும் படைத்தவரே" என்று ஜெபம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது நான் அந்த வெளியூர் ஆயரை மனதுக்குள் திட்டினேன். ஜெப நேரத்தில் நான் மனதுக்குள் சொன்னது அன்று அதுதான்.

ஆமென் வந்தது. ஊர் முழுக்கக் கண் திறந்தது. சாலமோன் பிள்ளையை இறக்கிவிட்டான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சிரித்தான். ஜெனி கரும்பை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தேடி ஓடினாள். கார் போய்விட்டது. ஏலம் ஆரம்பித்தது. அந்தச் சேவலை ஏலத்தில் எடுத்தவன் சாலமோன்தான். நான் கேட்டண்டை நின்று பார்த்தேன், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு. காரைப் பெங்களூருக்குப் பேசியிருந்தான் என்றும், முந்தின நாளே கம்பெனி வேலையை விட்டுவிட்டான் என்றும் டிரைவர் சொல்லிப் பிறகு தெரிந்தது.

அந்த வாரமே கமிட்டி கூட்டினார்கள். விசாரித்தது என்னை. பெரிய கட்டோடு போய் நின்றேன்.

செக்ரட்டரி கேட்டார், "அப்பன் புள்ளய கூட்டினு போறதுக்கு வாட்ச்மேன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? யார் குடுத்தது ஒனக்கு இந்த அதிகாரம்?"

கேள்வி நியாயமான கேள்விதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றார் ஆயர்.

"சரிங்க ஐயா. ஆனா கைய முறிச்சான்னு சொல்லுதே இந்தம்மா. அவன் தொடவே இல்லன்றான். வெரலு தானா மாட்டிகிச்சாம். யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? கேட்டுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஜெபத்தில் இருந்தேன் என்றார். பிரேமா டீச்சர் ஜெபத்தில் இருந்தேன் என்று அழுதாள். சாட்சிக்கு ஆளில்லாமல் போவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது என்று கொயரில் வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிரியாணி மாஸ்டரும் ஜெபத்தில் இருந்தேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், ஒரு கண்ண தொறந்து பாத்துட்டு மறுக்கா மூடிகினியே."

"அது பொக எரிச்சல்மா" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபத்தில் கண் திறந்தேன் என்று கமிட்டிக்கு முன்னால் எவர் ஒத்துக்கொள்வார்? வேலை போயிற்று, வீடு போயிற்று என்று நினைத்தேன். எனக்காவது வேறு வீடு கிடைக்கும். ஜெனிக்கு அடுத்த ஞாயிறு கேட்டை யார் பிடிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"நான் பாத்தேன்" என்றார்.

செக்ரட்டரிக்குப் புரியவில்லை. "ஐயா, நீங்க பீடத்துல இல்ல இருந்தீங்க? ஜெபத்துல?"

"ஆமா. பீடத்துல இருந்து பெரிய கதவு வழியா கேட் நேரா தெரியும். நான் கண்ணை மூடல. என்னைக்கும் மூடறதில்ல. அவன் அந்தம்மா கையைத் திருகினதைப் பாத்தேன்."

என் வேலை தப்பியது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர் கையில்தான் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கும் நடப்பது அதுதான். பயிற்சிக்கு வந்தவரும் அதைத்தான் சொன்னார்.

கூட்டம் முடிந்து நான் கேட்டைச் சாத்தும்போது ஆயர் வந்தார். நான் கேட்டுவிட்டேன்.

"பாத்தீங்கன்னா, ஏன் ஐயா எறங்கி வரல?"

"நான் இறங்கினா சபை கண்ணைத் தொறக்கும். பிள்ளைக்கு ஆபத்து." கண்ணாடியைத் தொடவே இல்லை. "அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் ராகேலம்மா. பயமும்தான். நீங்க பிடிச்சிருக்கீங்கன்னு பாத்தேன், நின்னுட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அவர் அதைச் சொல்லாமல் போயிருக்கலாம், சொன்னார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம்.

கிரேஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து அழுதாள். ஜெனி என்னிடம் வரவில்லை. அம்மாவுக்குப் பின்னால் நின்று, "இந்த ஆயாதான் அப்பாவ வுடல" என்றாள். அதுவும் உண்மைதானே. அதன் பிறகு சாலமோன் ரொம்ப நாள் ஞாயிறுதோறும் வருவான். உள்ளே வரமாட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து, பாட்டு வரும்போது கூடவே பாடுவான். நல்ல குரல். வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு தடவை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான், என் விரலைப் பார்க்கவில்லை. பிறகு வருவதும் நின்றுவிட்டது. சரியானதைத்தான் செய்தேன். மறுபடி வந்தாலும் அதைத்தான் செய்வேன். அதற்காக மனது லேசாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக வாசலில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

அந்த விரல் மடங்குவதில்லை. காற்று மாறினால் வலிக்கும். வேலையை விட்ட பிறகு நான் உள்ளே பெண்கள் பக்கம் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்காருகிறேன். செக்யூரிட்டி முருகேசன் என்னைவிடச் சின்னவர், ஆனால் பேரப்பிள்ளை எடுத்தவர். திருக்கழுக்குன்றம் பக்கம் ஊர். நெற்றியில் குங்குமத்தோடு வந்து நிற்பார். முதல் ஞாயிறு நீண்ட ஜெபத்தில் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் கேட்டண்டை நின்று கை கூப்பிக் கண்ணை இறுக்க மூடியிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் போனேன்.

"இன்னா அண்ணாத்த, நீயும் மூடிகினியா?"

"எல்லாரும் மூடறாங்கம்மா. எந்த சாமியா இருந்தா இன்னா, மரியாதி இல்ல?"

"ஒனக்கும் சேத்து உள்ள நூறு பேரு மூடிகினு கீறாங்க. நீ மூடாத."

அவருக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று வாரம் பாதி மூடிப் பாதி திறந்து நின்றார். போன ஞாயிறு ஜெபம் ஆரம்பித்ததும் வழக்கம்போலக் கேட்டைப் பார்த்தேன். முருகேசன் தாழ் மேல் கை வைத்து, நல்லாக் கண்ணைத் திறந்து நின்றார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். நீ மூடு என்று கையால் ஜாடை காட்டினார்.

மூடினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஆலயத்துக்குள் கண்ணை மூடுகிறேன். இருட்டாக இருக்கும் என்று நினைத்தேன். கேட் தெரிந்தது. தாழ் தெரிந்தது. இடுப்பில் இருக்கிற பிள்ளை, வாய்க்கு மேலே அந்தக் கை, என்னையே பார்க்கிற இரண்டு கண். என்ன கேட்பது என்று தெரியாமல், அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் அதன் கேட்டண்டை ஒருத்தர் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். ஆமென் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து பாட்டுக்கு நின்றார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருந்தேன். கேட்டில் ஆள் இருந்தது.